எட்டிமான்லைனுக்கு ஒரு செக்

சொற்பிறப்பு அகராதி எது கையில் கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது ‘செக்’ என்ற சொல்லைத்தான். அரிய சொல்லைக் கொடுத்து அகராதியைச் சோதிப்பதில் பிரயோஜனம் இல்லை. அரிய சொல்லுக்கு வரலாறு சின்னது. இன்ன மொழியிலிருந்து இன்ன நூற்றாண்டில் வந்தது என்று ஒரு வரியில் முடிந்துவிடும், எல்லா அகராதியும் கெட்டிக்கார அகராதியாகத் தெரியும். எல்லோர் வாயிலும் நாள் முழுக்கப் புழங்குகிற சொல்லைக் கொடுத்தால்தான் சாயம் வெளுக்கிறதா என்று பார்க்க முடியும்.

‘செக்’ அதற்கு வாகான சொல். மெயிலை செக் பண்ணுகிறோம். வங்கியில் செக் போடுகிறோம். கட்டம் போட்ட சட்டை செக் சட்டை. சதுரங்கத்தில் அரசனுக்கு செக். விமான நிலையத்தில் செக்-இன், விடுதியில் செக்-அவுட். மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பதால் எனக்கு இன்னும் இரண்டு அடிக்கடி வரும்: தடுப்பணையை ஆங்கிலத்தில் செக் டேம் என்பார்கள், தண்ணீரை ஒரு திசையில் மட்டும் போகவிடுகிற வால்வு செக் வால்வு. சரிபார்ப்பு, தடுப்பு, பணம், துணி, விளையாட்டு. இத்தனையும் ஒரே சொல்லா, அல்லது ஒலி மட்டும் ஒத்துப்போகிற வேறு வேறு சொற்களா? இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிற அகராதிதான் எனக்கு வேண்டும்.

எட்டிமான்லைன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இணையச் சொற்பிறப்பு அகராதி அந்தப் பதிலைச் சொல்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் 2000களின் தொடக்கத்தில் தனி ஆளாகத் தொகுக்க ஆரம்பித்தது இது. பத்திரிகையில் காப்பி எடிட்டர், உள்நாட்டுப் போர் பற்றி எழுதிய வரலாற்று ஆர்வலர். பல்கலைக்கழகத்து மொழியியல் பேராசிரியர் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு, வீக்லி, க்ளைன், பார்ன்ஹார்ட் போன்ற பெரிய அகராதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவை சொல்வதைச் சலித்து, சாதாரண வாசகருக்குப் புரிகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார். ஒரு சொல்லின் இன்றைய பொருளை இங்கே தேடாதீர்கள் என்று தளமே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன்போ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்போ அந்தச் சொல் எப்படி ஒலித்தது, என்ன பொருள் தந்தது என்பதுதான் அதன் வேலை.

சரி, ‘செக்’ என்று தட்டினால் என்ன வருகிறது?

முதலில் சதுரங்கம். 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். எதிராளியின் அரசன் ஆபத்தில் இருக்கிறான் என்று சொல்லிக் காய் நகர்த்தும் கூப்பாடுதான் அது. பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’. அதற்கு முன் இடைக்கால லத்தீனில் ‘ஸ்காக்கஸ்’, அதற்கு முன் அரபியில் ‘ஷா’, அதற்கு முன் பாரசீகத்தில் அதே ‘ஷா’. அரசன் என்று பொருள். அதாவது பலகையின் மேல் குனிந்து நாம் ‘செக்’ என்கிறபோது, எதிரில் இருப்பவரைப் பார்த்து ‘ராஜா!’ என்றுதான் கத்துகிறோம். ‘செஸ்’ என்ற விளையாட்டின் பெயரும் இதன் பன்மைதான்: பிரெஞ்சில் ‘எஷெ’, பல செக்குகள். விளையாட்டுக்குச் சமஸ்கிருதத்தில் சதுரங்கம் என்று பெயர். அது பாரசீகத்தில் சத்ரங், அரபியில் ஷத்ரஞ்ச் என்று உருமாறி மேற்கே போனது. ஐரோப்பாவின் பெரும்பகுதி பாதி வழியில் அந்தப் பெயரை விட்டுவிட்டு, ஆட்டத்தில் அடிக்கடி காதில் விழுந்த ராஜாவின் பெயரையே விளையாட்டுக்கு வைத்துவிட்டது.

எட்டிமான்லைனில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இந்த இடத்தில்தான் தெரியும். ‘ஷா’ என்ற பதிவைத் தொட்டால் அது பழைய பாரசீகத்துக்குப் போகும். அங்கிருந்து, பாரசீகம், சமஸ்கிருதம், ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் மூதாதையான இந்தோ-ஐரோப்பிய மொழியின் வேர்ச்சொல்லுக்கு ஒரு சுட்டி இருக்கும். அதிகாரம் பெறுவது, ஆள்வது என்ற பொருளுள்ள வேர். அந்தப் பக்கத்தில் போய் நின்றால் கூட்டமாகச் சொந்தக்காரர்கள்: பாரசீகப் பேரரசின் மாகாண ஆளுநரான சத்ரப், துருக்கிய உயர் அதிகாரிப் பட்டமான பாஷா, நம் சத்திரியன். வங்கியில் போடும் செக்கும் சத்திரியனும் தூரத்துப் பங்காளிகள் என்பது ஏதோ ஒரு வேலை நேரத்தில் திடீரென்று தெரியவரும்போது, செய்துகொண்டிருந்த வேலை ஓடவே ஓடாது. காலக்கெடு இருக்கிற நாளில் இந்தத் தளத்தைத் திறக்கக் கூடாது என்பது என் அனுபவம்.

‘செக்மேட்’ பதிவையும் பாருங்கள், ஒரு நல்ல அகராதி சந்தேகத்தை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு அது உதாரணம். அரபியில் ‘ஷா மாத்’ என்றால் அரசன் செத்தான். பெரும்பாலானவர்கள் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். இந்தப் பதிவு நிறுத்தவில்லை. பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் திகைத்துப்போனவன், கையறு நிலையில் நிற்பவன். அரபியர்கள் அதைத் தங்கள் மொழியின் ‘செத்தான்’ என்ற சொல்லாக எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று பார்ன்ஹார்ட்டின் கருத்தையும் கூடவே வைக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. சதுரங்கத்தில் அரசனை யாரும் வெட்டுவதில்லை. நகர இடமில்லாமல் அவன் திகைத்து நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிடுகிறதே.

இதுவரை எல்லாம் ராஜா கதை. தடுப்பதும் சரிபார்ப்பதும் எங்கிருந்து வந்தன? செக் என்று கேட்டதும் எதிராளி தன் திட்டத்தையெல்லாம் அப்படியே நிறுத்திவிட்டு முதலில் அரசனைக் காப்பாற்றியாக வேண்டும். வேறு எதுவும் செய்ய விதி விடாது. அந்தத் ‘திடீர் நிறுத்தம்’ என்ற பொருள் சதுரங்கப் பலகையை விட்டு இறங்கி வெளியே நடந்துவிட்டது. எதையும் தடுத்து நிறுத்துவது, அடக்கி வைப்பது எல்லாம் செக் ஆயிற்று. தடுப்பணையும் ஒருவழி வால்வும் இந்தக் கிளை. அப்புறம் தடுப்பிலிருந்து ஒரு கணக்குப் புத்தி பிறந்தது. மோசடியைத் தடுக்க வேண்டுமா? ஒரு கணக்குக்கு இன்னொரு பிரதியை வைத்துக்கொள், இரண்டையும் ஒப்பிடு. ஒப்பிட்டுப் பார்ப்பதே செக் ஆனது 17ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில். நாம் இன்று நாளெல்லாம் ‘செக் பண்ணு’ என்று சொல்வது இந்த வால் நுனியைத்தான்.

இதை அறிந்து வைத்திருப்பதில் நடைமுறை லாபமும் உண்டு. ஒருமுறை அரசியல் சட்டக் கட்டுரை ஒன்றில் ‘செக்ஸ் அண்டு பேலன்சஸ்’ வந்தது. ‘தடைகளும் சமநிலைகளும்’ என்று எழுதினேன். வேலை கொடுத்த இடத்தில் இருந்த எடிட்டர் ‘சரிபார்ப்புகளும் சமநிலைகளும்’ என்று மாற்றி, தடை என்றால் எதிர்மறையாக இருக்கிறது என்று குறிப்பு வேறு எழுதியிருந்தார். நீதிமன்றமும் சட்டமன்றமும் ஒன்றையொன்று அத்துமீறாமல் தடுப்பதுதான் அந்தத் தொடரின் உயிரே. எட்டிமான்லைன் பதிவின் இணைப்பை அனுப்பி வைத்தேன். தடை திரும்பி வந்தது.

எட்டிமான்லைனில் ‘செக்’ பதிவைப் படித்த பிறகு ‘கண்ட்ரோல்’ என்ற சொல்லையும் தேடிப் பாருங்கள். இடைக்கால லத்தீனில் ‘கான்ட்ரா-ரோட்டுலஸ்’, எதிர்ச்சுருள். கணக்கு எழுதிய சுருளுக்கு எதிராக வைத்துக்கொள்ளும் இன்னொரு சுருள், அதாவது சரிபார்க்கும் பிரதி. அங்கே சரிபார்ப்பிலிருந்து கிளம்பி அடக்கி ஆள்வதில் போய் முடிந்திருக்கிறது. செக் அடக்குவதிலிருந்து கிளம்பிச் சரிபார்ப்பதில் வந்து முடிந்தது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் நடந்து, வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. இந்த ஒப்பீட்டை எந்தப் பதிவும் சொல்லித் தரவில்லை. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து படிக்கிறவருக்குத் தானாகக் கிடைக்கும். அகராதியைப் படித்துக்கொண்டே போவதில் உள்ள சுகம் இது.

வங்கி செக்குக்கு வருவோம். இங்கேதான் கதை கொழுத்துப்போகிறது. பிரிட்டனில் நிதியமைச்சரை ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்பார்கள். அந்த எக்ஸ்செக்கர் பழைய பிரெஞ்சில் ‘எஷெக்கியே’, சதுரங்கப் பலகை. நார்மன் அரசர்கள் காலத்தில் கஜானா கணக்குப் பார்க்கும் மேசை மீது கட்டம் போட்ட துணியை விரித்து, அதில் காய்களை வைத்துக் கூட்டிக் கழித்தார்கள். ரோமன் எண்களை வைத்துக்கொண்டு பெரிய தொகையைத் தாளில் கூட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தத் துணியின் அருமை தெரியும். அகராதி இவ்வளவோடு விட்டுவிடும். மேற்கொண்டு போனால், கஜானா அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களில் லத்தீனில் எழுதிய கேள்வி பதில் நூலில் அந்த மேசையே கண்முன் நிற்கும். சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம். மேலே வைத்தது கீழே விழாமலிருக்க நாலு விரல் உயரத்துக்குச் சுற்றிலும் விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒரு பத்தி, பவுண்டுக்கு ஒரு பத்தி. வரி வசூலித்துக்கொண்டு வந்த ஷெரிஃப் ஒரு பக்கம், கஜானாக்காரர் மறுபக்கம். சதுரங்கத்தில் இரண்டு அரசர்கள் மோதுகிற மாதிரி இங்கே இவர்கள் இருவரும் மோதுகிறார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

எக்ஸ்செக்கரில் வருகிற அந்த ‘எக்ஸ்’ எழுத்து ஒரு தப்பு என்பதையும் எட்டிமான்லைன்தான் சொன்னது. ‘எக்ஸ்’ என்ற லத்தீன் முன்னொட்டோடு தொடங்கும் சொல் என்று நினைத்துக்கொண்டு பிற்காலத்தில் யாரோ அதிகப்பிரசங்கித்தனமாகச் சேர்த்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

வங்கித்தாளைப் பொறுத்தவரை, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்பது கிழித்துக் கொடுத்த தாளைக் குறிக்கவில்லை. நம் கையில் மிஞ்சும் அடிக்கட்டையைத்தான் குறித்தது. மோசடியைத் தடுக்க வைத்துக்கொண்ட எதிர்ப்பிரதி அது. பின்னால் பெயர் கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே போய்விட்டது. பிரிட்டிஷ்காரர்கள் அதை ‘கியூ’ எழுத்துப் போட்டு எழுதுவது எக்ஸ்செக்கரின் வாடை பட்டதால். அமெரிக்கர்கள் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டார்கள். கட்டம் போட்ட சட்டைக்குக் கதை நீளமில்லை: சதுரங்கப் பலகை மாதிரி இருப்பதால் செக்.

ஆக, கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எல்லாம் ஒரே சொல்தான். ஒரு பாரசீக ராஜாவின் வம்சம்.

இனிமேல் குறைகள். முதல் குறை, நான் மேலே கோர்வையாகச் சொன்ன கதை தளத்தில் கோர்வையாக இல்லை. பெயர்ச்சொல்லுக்கு ஒரு பதிவு, வினைச்சொல்லுக்கு ஒன்று, கட்டத் துணிக்கு ஒன்று, எக்ஸ்செக்கர் வேறு இடத்தில், செக்மேட் இன்னொரு இடத்தில். அங்கும் இங்கும் தாவித் தாவி வாசகரே கோக்க வேண்டும். எனக்கு அது விளையாட்டு. அவசரத்தில் இருப்பவருக்குத் தலைவலி. அடுத்தது, எந்தத் தகவல் எந்த நூலிலிருந்து என்று வரிக்கு வரி சொல்வதில்லை. மூல நூல்களின் பட்டியல் பொதுவாக ஓரிடத்தில் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரையில் மேற்கோள் காட்ட இது போதாது. எல்லா மொழியும் ரோமன் எழுத்தில் மட்டும். அரபியும் பாரசீகமும் அப்படித்தான், தமிழும் அப்படித்தான். ‘கட்டமரான்’ பதிவில் நம் கட்டுமரம் ரோமன் உடையில் நிற்பதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சங்கடம்.

ஆண்டுகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் ஆண்டு அந்தச் சொல் பிறந்த ஆண்டு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இன்றைக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகளில் பழையது எதுவோ அதன் ஆண்டு அது. 1700க்கு முந்தையவற்றைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தளமே சொல்கிறது. யாரோ ஒருவர் எழுதி, அந்த ஏடு தீயிலும் கரையானிலும் தப்பி, அதை ஒரு அகராதிக்காரர் படித்தால்தான் ஆண்டு பதிவாகும். அதற்கு முன் எத்தனை தலைமுறை அந்தச் சொல்லைப் பேசியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

ஆதாரம்தான் வேண்டும் என்றால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்குப் போக வேண்டியதுதான். அதன் பலம் மேற்கோள்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எந்த ஆண்டில், எந்த நூலில், எந்த வாக்கியத்தில் என்று வரிசையாக வைத்திருப்பார்கள். 1857இல் யோசனை எழுந்து, 1884இல் முதல் பகுதி வெளிவந்து, 1928இல்தான் முதல் பதிப்பு முடிந்தது. அதன் பெரும் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரி 1915இலேயே காலமாகிவிட்டார், முடிவைப் பார்க்கவில்லை. சின்னச் சொற்களுக்கு அவர்கள் படுகிற பாட்டைச் சொல்ல வேண்டுமானால், ‘ரன்’ என்ற வினைச்சொல்லைத் திருத்தி எழுதி முடித்தபோது 645 பொருள்கள் வந்தன. ‘செக்’ அந்த அளவுக்குப் போகாது என்றாலும் படுத்துக்கொண்டு வாசிக்கிற பதிவு இல்லை. சந்தா கட்ட வேண்டும். பல நாடுகளில் பொது நூலக உறுப்பினர் எண்ணே உள்ளே விட்டுவிடும், முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

விக்சனரி என்ற இணைய அகராதி இலவசம், யாரும் திருத்தலாம். அந்தந்த மொழியின் எழுத்திலேயே காட்டுகிறது. இன்னொரு நல்ல விஷயம், ‘ஷா’ பக்கத்துக்குப் போனால் அந்தச் சொல் எந்தெந்த மொழியில் யார் வீட்டில் குடியேறியது என்று கீழ்நோக்கியும் பார்க்கலாம். ஜெர்மனில் ஷாக், சதுரங்கம். பிரெஞ்சில் ‘எஷெக்’ இன்றைக்குத் தோல்வி என்ற பொருளிலும் புழங்குகிறது. ஆனால் பதிவுக்குப் பதிவு தரம் மாறும். உழைத்து எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கம் ஒற்றை வரியில் கிடக்கும்.

இம்மூன்றில் எதற்கு என் ஓட்டு என்றால், முதலில் திறப்பது எட்டிமான்லைன், சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்டு, எழுத்து வடிவம் வேண்டும்போது விக்சனரி. முதலில் திறப்பதற்கு முக்கியக் காரணம் எழுத்து நடை. பதிவுகள் சுருக்கம், ஒரு மனிதர் யோசித்து எழுதியது தெரிகிறது, ‘இருக்கலாம்’, ‘உறுதியில்லை’ என்ற சொற்களைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துகிறது.

அந்தக் கூச்சமின்மைக்காகவே குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இதற்கு ஒரு வேலை இருக்கிறது. ‘நியூஸ்’ என்பது வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து என்று ஒரு செய்தி ஆண்டுதோறும் வந்து போகும். ‘நியூ’ என்பதன் பன்மை அது, அவ்வளவுதான், புதியவை. ‘டிப்ஸ்’ என்று நாம் கொடுக்கும் பணத்துக்கும் முதலெழுத்துக் கதை ஒன்று சுற்றுகிறது, அதுவும் கட்டியது. 20ஆம் நூற்றாண்டுக்கு முன் முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் உண்டாக்கும் பழக்கம் மிக அபூர்வம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இவற்றில் முக்கால்வாசியை அகராதி திறக்காமலே தள்ளிவிடலாம். ‘ஓகே’ ஒரு விதிவிலக்கு: 1839இல் பாஸ்டன் பத்திரிகை ஒன்றில், ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே தப்பாக எழுதி அதன் முதலெழுத்தை எடுத்த கேலி. அதையும் இந்தத் தளம் பொறுமையாகச் சொல்லியிருக்கிறது.

கைபேசிக்குச் செயலியும் உண்டு. நான் உலாவியிலேயே பார்க்கிறேன். வேர்ச்சொல், பங்காளி, பங்காளியின் பங்காளி என்று ஐந்தாறு தாவல்களைத் திறந்து வைத்துக்கொள்ள அதுதான் வசதி. பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துகிறவர்கள் ‘செக்’கில் தொடங்கி, அங்கிருந்து ‘ரெயின் செக்’ வரை கூட்டிப்போகலாம். மழையால் நின்றுபோன பேஸ்பால் ஆட்டத்தை இன்னொரு நாள் பார்க்க 1880களில் கொடுத்த சீட்டு அது. அதற்கு மேல் அவர்களே போய்விடுவார்கள்.